கைரோ கெயின் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு

ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டத் தொடங்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி, "கைரோ கெயின் எவ்வளவுங்க வச்சிருக்கீங்க?" என்பதுதான். கைரோ என்பது ஹெலிகாப்டரின் வாலை நிலையாகப் பிடிக்கும் பெட்டி; அது எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று ரேடியோவில் (கையிலுள்ள ரிமோட்டில்) வைக்கும் எண்தான் கெயின். என் எண்ணைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த எண்ணை அப்படியே கொண்டுபோய் இன்னொரு ஹெலிகாப்டரில் போட்டால் அது வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கைரோ, ஒரே சர்வோ (வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சின்ன மோட்டார்) வைத்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவிலேயே பத்துப் புள்ளி வித்தியாசம் வரும். ஏன் வருகிறது என்று தெரிந்துவிட்டால் எண்ணைக் கேட்கவே தோன்றாது. நான் பழகிய முறையை எழுதி வைக்கிறேன்.

நான் ஓட்டுவது 450 என்கிற சின்ன அளவு ரகம். மெயின் பிளேடு 325 மில்லிமீட்டர், மூன்று செல் லிப்போ பேட்டரி, பெல்ட்டில் ஓடும் வால். கைரோ ஃபுடாபா ஜிஒய் 401. இப்போது அது பழைய சரக்குதான். ஆனால் கைரோ என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரியாது. டைரக்‌ஷன் சுவிட்ச், டிஜிட்டல் சர்வோவுக்கான சுவிட்ச், லிமிட் திருகு, டிலே திருகு, அவ்வளவுதான். எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கும். பறக்கவிடுவது கிணத்துக்கடவு தாண்டி, சைட் போட்டு இன்னும் வீடு எதுவும் வராத ஒரு இடம். கோவையில் சூலூர்ப் பக்கம் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தத் திசையை நாங்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

கைரோவின் வேலை இதுதான். மெயின் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். மேலிருந்து பார்க்கும்போது ரோட்டர் கடிகாரச் சுற்றில் போனால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வால் பிளேடுகள் தள்ளித்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) ஏற்றும்போது, இறக்கும்போது, காற்று அடிக்கும்போது எல்லாம் அந்த இழுப்பு மாறும். மூக்கு திரும்பத் தொடங்கியதை உணர்ந்து, வால் சர்வோவுக்கு எதிர்க் கட்டளை கொடுப்பது கைரோ. இவ்வளவு திரும்பினால் இவ்வளவு எதிர்ப்பு என்கிற அந்த விகிதம்தான் கெயின். குறைவாக இருந்தால் வால் தொளதொளவென்று இருக்கும், காற்று தள்ளுகிற பக்கம் போகும். அதிகமாக இருந்தால் கைரோ தேவைக்கு மேல் திருத்தும், மூக்கு எதிர்ப்பக்கம் தாண்டிப் போகும், திரும்பவும் திருத்தும். இந்த இழுபறிதான் வால் உதறலாக வெளியே தெரிகிறது.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ரேட் முறையில் கைரோ திரும்பும் வேகத்தை மட்டும் எதிர்க்கும். திரும்பிப்போன மூக்கைப் பழைய திசைக்குக் கொண்டுவராது. ஹெடிங் ஹோல்ட் முறையில் திசையையே பிடித்துக்கொள்ளும். இன்று எல்லோரும் ஓட்டுவது இரண்டாவதில்தான். ஆனால் சரிபார்ப்பது முதலாவதில் தொடங்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

அதற்கு முன் ரேடியோத் திரையில் தெரியும் எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேயே உருவாகிறது. ஃபுடாபா ரேடியோவின் கைரோ பக்கத்தில் ஹெடிங் ஹோல்ட் 40 என்று போட்டால் அது 40 சதவீதம். ஜேஆர், ஸ்பெக்ட்ரம் ரேடியோக்களில் 0 முதல் 100 வரை ஒரே கோடு. நடுவில் உள்ள 50தான் அங்கே பூஜ்யம். அதற்கு மேலே ஹெடிங் ஹோல்ட், கீழே ரேட். ஆக, அங்கே 70 என்று எழுதியிருந்தால் இங்கே 40. இது தெரியாமல் ஒருவர் சொன்ன 70ஐ இன்னொருவர் ஃபுடாபாவில் போட்டால் ஹெலிகாப்டர் தரையைவிட்டுக் கிளம்பும்போதே வால் அடித்துக்கொள்ளும். எந்த முறையில் இருக்கிறோம் என்பதில் சந்தேகம் வந்தால் கைரோவின் விளக்கைப் பாருங்கள். 401இல் ஹெடிங் ஹோல்டுக்குப் போனால் சிவப்பு விளக்கு எரியும்.

சரி, வேலைக்கு வருவோம். மேசையில் வைத்துப் பார்க்கும்போது மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றிவிடுங்கள். இதில் சமரசமே கூடாது. 450 சின்னதாகத்தான் தெரியும். ரோட்டரின் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2600 சுற்று ஓடினால் பிளேடு நுனி மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அது வீட்டுக்குள் ஒரு தடவை தவறிச் சுற்றினால் போதும்.

வால் உதறுகிறது என்று யார் வந்தாலும் எங்கள் மைதானத்தில் மூத்தவர் ஒருவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கெயினைத் தொடாதீங்க தம்பி. மொதல்ல அந்த ராடைக் கழட்டிக் கையால ஓட்டிப் பாருங்க." நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் இதைத்தான் அதிகமாகப் பயன்படுத்துகிறேன். வால் சர்வோவிலிருந்து லிங்க்கைக் கழற்றி, ராடை, அதாவது சர்வோவையும் வாலையும் இணைக்கும் கம்பியை, இரண்டு விரலால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் தள்ள வேண்டும். வால் ஷாஃப்டின் மேல் நகர்ந்து வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்லைடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராகப் போக வேண்டும். ஹெலிகாப்டரைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் ராடும் ஸ்லைடரும் தம் எடையிலேயே இறங்கினால் ரொம்ப நல்லது. நடுவில் எங்காவது விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தெரிந்தால், கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாவிட்டாலும், அங்கே பிரச்சினை இருக்கிறது.

அந்தத் தடங்கல் என்ன செய்யும்? துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுவது மாதிரி: கொஞ்சமாகத் தள்ளினால் அசையாது, அழுத்தித் தள்ளினால் ஒரேயடியாகப் போய் முட்டும். கைரோ கேட்பது நூலிழை அளவு அசைவுகள். ஸ்லைடர் அந்த அளவில் நகராமல் நின்று, பிறகு தாண்டிக் குதித்தால் வால் மெதுவாக, ஒழுங்கில்லாமல் ஆடும். பார்ப்பவர் கெயின் அதிகம் என்று நினைத்துக் குறைப்பார். குறைத்தால் ஆட்டம் போகாது, பிடிமானம்தான் போகும். இப்படிக் குறைத்துக் குறைத்து 15க்குக் கொண்டுவந்து, "என் கைரோ சரியில்லை, வேறு வாங்க வேண்டும்" என்று வந்த ஒரு தம்பியின் ஹெலிகாப்டரில் ராடைத் தாங்கும் வளையம் ஒன்று பூமில் (வாலைத் தாங்கும் குழாயில்) லேசாகத் திரும்பியிருந்தது. அதை நேராக்கியதும் அதே கைரோ, அதே சர்வோவில் 35ஐத் தாங்கியது.

தடங்கல் வழக்கமாக இருக்கும் இடங்கள் மூன்று. ஷாஃப்டின் மேல் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து காய்ந்துபோன பிசுக்கு; நம் ஊர் மைதானங்களில் செம்மண் புழுதி இதற்கு முக்கியக் காரணம். துணியால் துடைத்து, கெட்டி எண்ணெய் போடாமல் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். இரண்டாவது, ராடைத் தாங்கும் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாதது. மூன்றாவது, இறுக்கமான பால் லிங்க் (சின்ன உருண்டையின் மேல் மாட்டும் முனை). பிளாஸ்டிக் லிங்க்கில் எழுத்துள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் இறுகும். அப்படியும் இறுக்கமாக இருந்தால் பாலின் மேல் மாட்டிய நிலையிலேயே குறடால் லேசாக ஒரு அமுக்கு அமுக்கினால் இளகும். அளவு மீறினால் லொடலொடப்பு வந்துவிடும், அதுவும் கேடுதான். லொடலொடப்பு இருந்தால் சர்வோ நகர்ந்தும் பிளேடு கொஞ்ச தூரத்துக்கு நகராது. அதற்கும் வால் ஆடும்.

பெல்ட்டை மறக்காதீர்கள். அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், எதிர்ப்பக்கத்து பெல்ட்டைப் போய்த் தொடக் கூடாது. வால் பிளேடுகளின் போல்ட்டை முறுக்கி வைக்காதீர்கள். சுற்றும்போது பிளேடு தானாக நேராகிக்கொள்ளும் அளவு தளர்வு வேண்டும்.

இப்போது சர்வோ ஆர்ம். கெயின் எண் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு முதல் காரணம் இதுதான். ஆர்மில் உள்ள பால், அதாவது அந்த உருண்டை, சர்வோ அச்சிலிருந்து தள்ளி இருந்தால், சர்வோ கொஞ்சம் திரும்பினாலே ஸ்லைடர் அதிக தூரம் போகும். அதாவது ரேடியோவில் ஏற்றாமலே கெயின் ஏறிவிட்டது. ஒரு துளை உள்ளே மாற்றினால் கெயின் இறங்கிவிட்டது. அதனால் ரேடியோ எண் 20க்குக் கீழே போனால்தான் உதறல் நிற்கிறது என்றால் பாலை உள்ளே கொண்டுவாருங்கள். 80, 90 போட்டும் வால் தளர்வாக இருந்தால் வெளியே தள்ளுங்கள். லிமிட் திருகும் இதையே காட்டிக்கொடுக்கும். ரட்டர் குச்சியை (ரேடியோவில் வாலைத் திருப்பும் குச்சியை) முழுதாகத் தள்ளும்போது ஸ்லைடர் முட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும்படி லிமிட்டை வைக்க வேண்டும். முட்டினால் சர்வோ முனகும். முட்டாமல் இருக்க லிமிட்டை ரொம்பவும் குறைக்க வேண்டி வந்தால் பால் வெளியே தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் சர்வோ தன் முழு ஓட்டத்தையும் பயன்படுத்தாது, நுணுக்கம் போய்விடும்.

401இல் டிஜிட்டல் சர்வோ சுவிட்சைப் போடும் முன் உங்கள் சர்வோ உண்மையிலேயே டிஜிட்டல்தானா என்று பாருங்கள். அனலாக் சர்வோவை அதில் ஓட்டினால் சர்வோ கருகும். சர்வோவுக்குப் போகும் கட்டளையை மெதுவாக்கும் டிலே திருகு, டிஜிட்டலுக்குப் பூஜ்யம். மெதுவான சர்வோவுக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றலாம்.

திசைச் சோதனையை நான் கெயினைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி, மூக்கை இடப்பக்கம் சட்டென்று திருப்புங்கள். ரட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ஸ்லைடர் எந்தப் பக்கம் போகுமோ, இப்போதும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். தலைகீழாகப் போனால் கைரோவின் டைரக்‌ஷன் சுவிட்சை மாற்றுங்கள். இது தப்பாக இருந்தால் கிளம்பிய அடுத்த கணமே ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றும், எந்தக் கெயினும் காப்பாற்றாது.

முதல் ஹோவர் (ஒரே இடத்தில் மிதந்து நிற்பது) ரேட் முறையில். ரேடியோவில் நடுப்புள்ளியை நகர்த்தும் ட்ரிம், சப் ட்ரிம் எல்லாம் பூஜ்யம், பிட்ச்சுக்கு ஏற்ப வாலைத் தானாக நகர்த்தும் ரெவல்யூஷன் மிக்சிங் இருந்தால் ஆஃப். காற்றில்லாத காலையில் கண் உயரத்துக்குத் தூக்கி, ரட்டர் குச்சியைத் தொடாமல் பாருங்கள். மூக்கு ஒரு பக்கமாகத் தொடர்ந்து போனால் இறக்கி, பூமில் வால் சர்வோவைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது லிங்க்கைச் சுற்றி ராடின் நீளத்தை மாற்றுங்கள். ரேடியோவில் ட்ரிம் போட்டுச் சமாளிக்க வேண்டாம். ஹெடிங் ஹோல்டில் அந்த ட்ரிம் 'மெதுவாகத் திரும்பு' என்கிற கட்டளையாகிவிடும். ஹெடிங் ஹோல்ட் இந்த நடுப்புள்ளிக் கோணலை மறைத்துவிடும் என்பது உண்மை. மறைக்கும், ஆனால் ஒரு பக்கம் சுற்றி நிறுத்தும்போது நன்றாக நின்று, மறுபக்கம் நிறுத்தும்போது துள்ளும். அந்தத் துள்ளலைக் கெயினில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் ரேட் முறையில் தொடங்கச் சொன்னேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கெயின். 450க்கு நான் 30இல் தொடங்குவேன். ஸ்பெக்ட்ரம் கணக்கில் 65. ஹெடிங் ஹோல்டில் ஹோவர் செய்து, ரட்டரைச் சட்டென்று தட்டி விடுங்கள். வால் நின்ற இடத்தில் நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். வழுக்கினால் ஐந்து ஏற்றுங்கள். இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வால் நடுங்கத் தொடங்கும். 450இல் அந்த நடுக்கம் அகலமாகத் தெரியாது. வால் துடுப்பின் விளிம்பு மங்கலாகத் தெரியும், ரோட்டர் சத்தத்துக்குள் ஒரு டர்ர்ர் கேட்கும். கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். அங்கிருந்து மூன்று, நான்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஹோவருக்கான எண் அதுதான்.

புது பேட்டரியில் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று செல் லிப்போ முழு சார்ஜில் 12.6 வோல்ட். கவர்னர் (சுற்று வேகத்தை ஒரே அளவில் வைக்கும் வசதி) இல்லாமல் ஓட்டினால் முதல் நிமிடத்தில்தான் ஹெட் ஸ்பீட் (மெயின் ரோட்டரின் சுற்று வேகம்) உச்சத்தில் இருக்கும், போகப் போக இறங்கும். பாதி தீர்ந்த பேட்டரியில் கச்சிதமாக வைத்த கெயின், அடுத்த பேட்டரி போட்டவுடன் உதறும். ஹெட் ஸ்பீடுக்கும் கெயினுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடக் கடுமையானது. வால் ரோட்டர் மெயின் ரோட்டரைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது, அதனுடனேயே ஏறி இறங்குகிறது. ஒரே பிட்ச் கோணத்தில் அது தரும் தள்ளுவிசை, சுற்றும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 2400 சுற்றிலிருந்து 2800க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடியது, தள்ளுவிசையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. சாதாரண ஹோவரில் 40 தாங்கிய வால் ஐடில் அப்பில் (ரோட்டரை அதிக வேகத்தில் ஓட்டும் பறக்கும் நிலையில்) 30 சொச்சத்தில் நடுங்குவது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு பறக்கும் நிலைக்கும் தனிக் கெயின் வையுங்கள். பெரும்பாலான ரேடியோக்களில் இதற்கு வசதி இருக்கிறது.

வேகமாக நேர்கோட்டில் போகும்போது வால் இன்னும் உணர்ச்சியுள்ளதாக ஆகும். ஹோவரில் கல்லாக நின்றது, வேகம் பிடித்தவுடன் பக்கவாட்டில் படபடவென்று ஆடினால் ஒன்று, இரண்டாக இறக்குங்கள். நான் ஐடில் அப் எண்ணை முடிவு செய்வது ஹோவரில் இல்லை, இந்த ஓட்டத்தில்தான். அப்புறம் ஒரு முழு ஏற்றம்: பிட்ச்சை ஒரேயடியாக ஏற்றும்போது மூக்கு சட்டென்று ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனால், கெயினை ஏற்றுவதற்கு முன் லிமிட்டையும் ஹெட் ஸ்பீடையும் பாருங்கள். ஸ்லைடர் முனையைத் தொட்டுவிட்டால் கைரோ இன்னும் கேட்டாலும் கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

இறங்கிய உடனே வால் சர்வோவைத் தொட்டுப் பாருங்கள். மிதமான சூடு சரி. விரலை வைக்க முடியாத சூடு என்றால், கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தில் அது ஓயாமல் உழைத்திருக்கிறது. கெயின் இன்னும் கொஞ்சம் அதிகம், அல்லது ஸ்லைடர் இறுக்கம், அல்லது எங்கிருந்தோ அதிர்வு கைரோவுக்குள் வருகிறது. கைரோவை ஒட்டியிருக்கும் இரட்டைப் பக்க ஃபோம் டேப் நம் வெயிலில் இளகும். அதையும் பாருங்கள். வயர்களை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதிர்வு வயர் வழியாகவே ஏறும்; ஒரு சின்ன வளைவு விட்டுக் கட்டுங்கள்.

கோவைப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, அமைதியான காலையில் வைத்த கெயினை நன்றாகச் சோதித்துவிடும். பக்கக் காற்றில் வாலை என் பக்கம் காட்டி நிறுத்தி, மூக்கு காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கிறதா என்று கவனிப்பேன். ஒன்றிரண்டு புள்ளி ஏற்ற இடம் இருந்தால் அப்போது ஏற்றுவேன். ஆனால் கெயின் கண்டுபிடிக்கும் வேலையையே காற்றில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று தந்த ஆட்டம் எது, கைரோ தந்த ஆட்டம் எது என்று பிரிக்க முடியாது.

வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்தவுடன் சுவிட்ச் போடுவதையும் தவிர்க்கலாம். பழைய பீசோ வகைக் கைரோக்கள் சூடு மாறும்போது மெதுவாக நகரும். வால் தானாக ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டே இருக்கும். நிழலில் கொஞ்ச நேரம் வைத்து, அந்த இடத்துச் சூட்டுக்கு வந்தபின் சுவிட்ச் போட்டு, விளக்கு நிலைக்கும்வரை அசைக்காமல் விட்டால் போதும்.

இப்போது வரும் ஃப்ளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் குறுக்குக் கம்பி) இல்லாத ஹெலிகாப்டர்களில் வால் கைரோவும் ரோட்டர் கட்டுப்பாடும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. கணினியில் இணைத்துத் திருத்த நிறைய எண்கள் இருக்கின்றன. ஆனால் வாலின் மூலக் கெயின் இன்றும் ரேடியோவிலிருந்துதான் போகிறது, அதைக் கண்டுபிடிக்கும் முறையும் இதேதான். மற்ற எண்களை அதன்பிறகு தொடுங்கள்.

எண் கிடைத்தவுடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரேடியோப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. பால் எந்தத் துளையில், என்ன வால் பிளேடு, எந்தப் பினியன் (மோட்டாரின் பல்சக்கரம்), எந்த பேட்டரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதில் ஒன்று மாறினால் கெயினைத் திரும்பவும் தேட வேண்டும். எதுவும் மாறாமல், நேற்றுவரை நன்றாக நின்ற வால் இன்று உதறினால் எண்ணைத் தொடாதீர்கள். இறங்கும்போது வால் பிளேடு புல்லில் பட்டிருக்கலாம். வால் ஷாஃப்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். புது ஷாஃப்ட் போட்டால் பழைய எண்ணிலேயே வால் நிற்கும்.